அம்மாவின் இன்னொரு பேர்

எங்கம்மாவுக்கு ரெண்டு பேர். ரேஷன் கார்டில் ஒன்று, பைபிளின் முதல் பக்கத்தில் இன்னொன்று. ரெண்டையும் இங்கே எழுத முடியாது. ஊர்ப் பேரையும் எழுதப் போவதில்லை. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில், கம்பெனி மதில்சுவருக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கிடக்கிற சேரிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருஷமாக மேடையேறி, சாதியை மறைக்காதே, பேரை மறைக்காதே, நிமிர்ந்து நில் என்று பேசிக்கொண்டிருக்கிறவள் நான். 2022 ஆகஸ்டில் அம்மா செத்தபோது அவள் பேரை மறைத்தவளும் நான்தான்.

இதை எழுத மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. எழுதினால் ஜெபவீட்டுக்காரி என்று நம் தோழர்களே சொல்வார்கள் என்கிற கூச்சம் ஒரு பக்கம். தம்பி வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்கிற பயம் இன்னொரு பக்கம். கூச்சம் போய்விட்டது. பயம் அப்படியே இருக்கிறது. அதனால்தான் பேரில்லாமல் எழுதுகிறேன்.

1998. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனியிலிருந்து கார் வெளியே வர ஆரம்பித்த வருஷம். எனக்கு ஒன்பது வயசு. எங்க பக்கம் அப்போதும் ஏரிப்பாசனத்து நெல்லும் மேட்டில் வேர்க்கடலையும்தான். அப்பா அண்டை வெட்டப் போவார், அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். வாங்கின கூலியில் பாதி சாராயத்துக்குப் போகும். மீதிக்கு சண்டை. அடி. ஒரு ராத்திரி மண்டை உடைந்து ரத்தம் ஒழுக ஒழுக அம்மா பக்கத்து வீட்டு அத்தை ஊட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாள். அந்த அத்தைதான் ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போனது. ஓலைக்கொட்டாய்தான் ஜெபவீடு. சுங்குவார்சத்திரம் பக்கமிருந்து ஒரு ஊழியர் சைக்கிளில் வருவார், தெக்கத்திக்காரர். அவர் பேசுகிற தமிழ் எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்க தமிழ் அவருக்குப் புரியாது.

அம்மாவுக்கு அற்புதம் எதுவும் நடக்கவில்லை. கண் தெரியாதவனுக்குக் கண் தெரிந்தது, நொண்டி நடந்தான் என்பதெல்லாம் எங்க கொட்டாயில் நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது வேறே.

முழுக்கு ஞானஸ்நானம் எங்க ஏரியில் நடந்தது. ஏரிக்கு ஊர்ப் படித்துறை ஒன்று உண்டு. சேரி ஜனம் மதகுக்குக் கீழே வாய்க்காலில்தான் குளிக்கும், துவைக்கும். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஊழியர் வெளியூர்க்காரர், அவருக்குத் தெரியாது. ஆழம் நன்றாக இருக்கிறதே என்று ஆறு பெண்களை நேராக ஊர்ப் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். முதல் படியில் கால் வைத்ததும் அம்மா உடம்பு நடுங்கியிருக்கிறது. பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று ஊழியர் சத்தம் போட்டு ஸ்தோத்திரம் சொன்னாராம். "ஆவியும் இல்ல ஒண்ணும் இல்ல. ஊருக்காரன் பாத்தா தோல உரிச்சிடுவானேன்னு ஒதறல்" என்று அம்மா பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மறுநாள் ஊரிலிருந்து நாலு பேர் வந்து சேரி முனையில் நின்று கத்திவிட்டுப் போனார்கள். மற்ற ஐந்து பெண்களும் திரும்ப மதகுக்குக் கீழேயே போய்விட்டார்கள். அம்மா மட்டும் போகவில்லை. அடுத்த வாரம் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு அதே படித்துறைக்குப் போனாள். என்னையும் கூட்டிக்கொண்டுதான். "அவரு என்ன இங்கதான கழுவுனாரு. இனிமே இதான் என் எடம்" என்றாள். எதிரே ஊர்ப் பெண்கள் தண்ணீரை விட்டு எழுந்து நின்றார்கள். அம்மா சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு மூத்திரம் வந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த ஏரி, கம்பெனிக் கழிவும் கட்டட இடிபாடும் சேர்ந்து யாருமே இறங்க முடியாததாக ஆகிற வரைக்கும் அம்மா அங்கேதான் துவைத்தாள்.

பெரும்புதூரில் பிறந்த ராமானுசர் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் மந்திரத்தைச் சொன்னார் என்று 2017-இல் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடினார்கள். அந்தச் சத்தம் எங்க ஏரிப் படித்துறை வரைக்கும் வரவில்லை. பெரும்புதூருக்கும் எங்களுக்கும் பஸ் டிக்கெட் அப்போது ரெண்டு ரூபாய்.

அப்பா முழுக்கு எடுக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் எடுக்கவில்லை. அம்மா முழுக்கெடுத்த மாசமே ஒரு ராத்திரி குடித்துவிட்டு வந்து கையை ஓங்கினார். அம்மா அந்தக் கையைப் பிடித்தாள். திருப்பி அடிக்கவில்லை, பிடித்துக்கொண்டாள். "இந்த ஒடம்பு இப்ப ஆண்டவரு தங்குற ஊடு. இதும்மேல கை வைக்காத." அப்பா சிரித்தார். அதுவரைக்கும் அவள் உடம்பு அவருக்கு அடிக்க, ஆண்டைக்கு வேலை வாங்க, எங்களுக்குப் பாலூட்ட. அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அதற்கப்புறமும் ரெண்டு மூணு தடவை அடி விழுந்தது. ஆனால் அம்மா அடி வாங்கிவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுததை நான் மறுபடி பார்க்கவில்லை. அப்பா குடியை விட்டது ரொம்ப நாள் கழித்து 2013-இல். அம்மா ஜெபம்தான் காரணம் என்பாள். கல்லீரல் கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொன்னதுதான் காரணம் என்பார் அப்பா. கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜெபவீட்டுக்குப் போன எல்லாப் பெண்களுக்கும் இப்படி நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. பொறுத்துக்கோ சிஸ்டர், ஜெபம் பண்ணு, புருஷன் மாறுவான் என்று சொல்லி அனுப்பப்பட்டு, அடி வாங்கியே செத்த ஒரு பெரிம்மாவையும் எனக்குத் தெரியும். ஒரே கொட்டாய், ஒரே பிரசங்கம்.

ஊழியரின் சம்சாரம் அம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது. அரிச்சுவடி இல்லை, சிலேட்டு இல்லை. பைபிள்தான். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக. அம்மாவுக்கு அப்போது முப்பது தாண்டியிருக்கும். அந்தப் பைபிளில் இருக்கிறது 1871-இல் வந்த பவர் மொழிபெயர்ப்புத் தமிழ். பாதி வடமொழி. "பாப்பா, உபத்திரவம்னா இன்னா? பிரயாசம்னா இன்னா?" என்று சாயந்திரம் அடுப்படியில் என்னைக் கேட்பாள். எனக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொண்டு வந்து சொல்வேன். பிற்பாடு எம்.ஏ. தமிழ் சேர்ந்து தனித்தமிழ் வெறி தலைக்கேறின காலத்தில், இதெல்லாம் தமிழா என்று அவளைக் கேலி பண்ணியிருக்கிறேன். "உன் சங்கத்தமிழ்ல எங்க ஆத்தா பேரு எங்கனா இருக்குதா? இதுல மீன் புடிக்கிறவன், ஆடு மேய்க்கிறவன், தண்ணி மொள்ளுற பொம்பள அத்தினி பேரும் கீறாங்கோ" என்றாள். நான் தமிழ் படிக்கப் போனதே அந்த அடுப்படிக் கேள்விகளால்தான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதைச் சொல்லியிருக்கலாம்.

படிப்பைவிடப் பெரிது சாட்சி. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எழுந்து, அந்த வாரம் தனக்கு நடந்ததைச் சொல்லலாம். அதுதான் சாட்சி. ஊரில் பஞ்சாயத்துக் கூடினால் சேரி ஆம்பளையே கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில்தான் நிற்க வேண்டும், பொம்பளைக்குப் பேச்சே கிடையாது. இங்கே களை பறிக்கிற பெண்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் புருஷன் அடிச்சான், என் புள்ளைக்கு ஜொரம் வந்துச்சு, ஆண்டை கூலி குடுக்கல, நான் அழுதேன், ஆண்டவர் கேட்டார் என்று பத்து நிமிஷம் பேசினார்கள். நூறு பேர் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். இந்தப் பத்திரிகையில் நாம் தன்வரலாறு என்கிறோம், சாட்சியம் என்கிறோம். பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தபோது தமிழில் புது வகை என்றார்கள். என் அம்மா 'கருக்கு' படித்ததில்லை. வாரா வாரம் கொட்டாயில் எழுந்து நின்றாள்.

அது எங்கே பயன்பட்டது என்று சொல்கிறேன். கழனிகள் சிப்காட்டுக்குப் போன பிறகு, பட்டா வைத்திருந்த ஊர்க்காரர்களுக்கு நஷ்ட ஈடு வந்தது. கழனியில் வேலை செய்தவர்களுக்கு கம்பெனியில் கக்கூஸ் கழுவுகிற வேலை வந்தது. அம்மாவும் ஒரு கான்ட்ராக்டரிடம் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்தாள். 2012-இல் ஒருநாள் சம்பளச் சீட்டை நீட்டினாள். இங்கிலீஷில் இருந்தது. எழுத்து தெரியவில்லை என்றாலும் எண் தெரியுமே. "மாசா மாசம் இந்த எடத்துல புடிக்கிறான். இது இன்னா?" பி.எஃப். என்றேன். "அப்ப அதுக்கு நம்பரு இருக்கணுமே?" யாருக்குமே நம்பர் கொடுத்திருக்கவில்லை. பிடித்த காசு எங்கே போனது என்று தெரியாது. நான் மனு எழுதித் தருகிறேன், சங்கத்தில் சொல்லலாம் என்றேன். அம்மா மனுவுக்குக் காத்திருக்கவில்லை. ஷிப்ட் மாறுகிற நேரத்தில், நாற்பது பெண்களும் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், சூப்பர்வைசரை நிறுத்தி, சாட்சி சொல்கிற மாதிரியே சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த மாசம் எவ்வளவு பிடித்தார்கள் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறாள். மூன்று மாசம் வேலை இல்லை. அப்புறம் கான்ட்ராக்டர் மாறினான். பாதிப் பேருக்கு நம்பர் கிடைத்தது. மீதிப் பேர் காசு போனது போனதுதான்.

அந்தச் சமயத்தில் ஜெபவீட்டுக்குப் புதுசாக வந்த பாஸ்டர், அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்கு அடங்கி நடக்க வேண்டும், முதலாளியோடு வழக்குக்குப் போகக்கூடாது என்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா கேட்டாளாம்: "ஏசப்பா கோயில்ல காசுக்காரன் மேசையக் கவுத்தாரே ஐயா, அவரு யாருக்கு அடங்குனாரு?" பாஸ்டர் ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார்.

மதம் மாறுவது பற்றி எங்க குடும்பத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. அம்மாவின் அம்மா, எங்க ஆயா, சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்துச் சேரியில் பிறந்தவள். அவளுடைய தாத்தா காலத்தில் பங்காளிகள் ரெண்டு பேர். ஒருவர் "அந்திரு தொர" பின்னால் போய்விட்டார், இன்னொருவர் ஆண்டைக்குப் பயந்து தங்கிவிட்டார். ஆயா தங்கியவர் வம்சம். "போனவங்கோ தலப்பா கட்டினாங்கோ. இருந்தவங்கோ துண்ட எடுத்து கக்கத்துல வச்சிகினாங்கோ" என்பாள்.

அந்திரு தொர யார் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஸ்காட்லாந்து சுயாதீனச் சபையிலிருந்து வந்து செங்கல்பட்டில் ஊழியம் செய்த ஆதாம் ஆண்ட்ரூதான் அவர். தாது வருஷப் பஞ்சத்தில், 1876-78-இல், சாவுக்குத் தப்பிய பறையர்கள் கூட்டம் கூட்டமாக மிஷனைத் தேடிப் போன காலத்தை அடுத்து வந்தவர். சேர்ந்த ஜனம் கேட்டது என்ன? மனை, நிலம், ஆண்டை அடித்தால் கேட்க ஒரு ஆள். ஏனென்றால் சேரிக் குடிசை நின்ற மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்து எறியலாம். தரிசு நிலத்துக்கு மனுப் போட்டாலும் மிராசுதாருக்குத்தான் முதல் உரிமை. படியாள் கடனில் பிறந்து கடனில் சாவான். இதையெல்லாம் 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் அறிக்கையாக எழுதினார். ஆண்ட்ரூவும், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் அரசாங்கத்தோடு விடாமல் மோதினார்கள். 1892 செப்டம்பர் 30-இல் வந்த 1010-ஆம் எண் அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. சிங்கப்பெருமாள்கோயிலை ஒட்டி இன்றைக்கும் இருக்கிற மெல்ரோசாபுரம் ஆண்ட்ரூ காலத்துக் குடியிருப்பு. பேரிலேயே ஸ்காட்லாந்து ஊர் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சோத்துக்கு மாறினவன், பால்பவுடர் கிறிஸ்தவன் என்று இன்றைக்கும் ஏசுகிறார்கள். அன்றைக்கு மிஷனரிகளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. இவர்கள் நிலத்துக்காக வருகிறார்களா, ரட்சிப்புக்காக வருகிறார்களா என்று தங்களுக்குள் வாதம் பண்ணினார்கள். ஆயாவுக்கு இந்தக் கேள்வியே புரியாது. குடிசையைப் பிரிக்க முடியாத ஒரு மனையில் படுத்துத் தூங்குவதற்கு வேறு என்ன பேர்? மனையை விட்டுவிட்டு ஆத்துமாவை மட்டும் தனியாக விடுதலை பண்ணுவது எப்படி என்று மனையை இழந்து பார்க்காதவர்களால்தான் கேட்க முடியும். என் தோழர்களுக்கும் இதையேதான் சொல்வேன், மறுபக்கமிருந்து. நிலமும் கூலியும் வந்துவிட்டால் மனுஷன் தானாக நிமிர்ந்துவிடுவான் என்று நானும் பாடம் எடுத்திருக்கிறேன். எங்கம்மாவுக்குக் கையளவு நிலம் வரவில்லை. கூலி ஏறவில்லை. முதலில் நிமிர்ந்துவிட்டாள். நிமிர்ந்ததால் கேட்டாள்.

அந்தப் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டுக் காரணையில் நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. பலியான ரெண்டு பேர் ஜான் தாமஸ், ஏழுமலை. பேர்களைப் பாருங்கள். ஒருவர் போனவர் வம்சம், ஒருவர் இருந்தவர் வம்சம் என்று ஆயா சொல்லியிருப்பாள். போலீஸ்காரன் சாதிச் சான்றிதழைக் கேட்டுவிட்டுச் சுடவில்லை.

ஆனால் தாசில்தார் கேட்பார். 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. சென்னையில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்த சூசை என்கிறவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். செருப்புத் தைக்கிறவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து அதே செருப்பைத் தைத்த இந்துவுக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டில் நாம் கிறிஸ்தவரானால், எத்தனை தலைமுறை ஆனாலும், பிற்படுத்தப்பட்டோர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கிடையாது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், நம்பிக்கையில்லாமல் வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஞானஸ்நானப் பதிவு அந்த வழக்கில் சாட்சியாக வந்தது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சட்டம் சொல்கிறது. சபைக்குள்ளே போய்ப் பார்த்தால் திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித்துகளைப் பிரித்துச் சுவர். 2008-இல் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்கு வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. அம்மாவிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். "செவுத்த ஏசப்பாவா கட்டுனாரு? இடிங்க, நானும் வரேன்" என்றாள். அம்பேத்கரைச் சொன்னேன், பௌத்தத்தைச் சொன்னேன், 1898-லேயே அயோத்திதாசர் கேட்டதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரும் நம்மாளுதான், இவரும் நம்மாளுதான்" என்று சுவரில் அம்பேத்கர் படத்தைத் தன் ஏசு காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டாள். அப்பா தன் பங்குக்கு அதே ஆணியில் திருத்தணி முருகனை மாட்டினார்.

அப்பா முழுக்கு எடுக்காததற்குக் காரணம் முருகன் இல்லை. "ஊட்டுல ஒருத்தனாவது இந்துவா இருக்கணும். இல்லன்னா புள்ளைங்களுக்கு சர்ட்டிபிகேட்டு கெடைக்காது" என்று அம்மா முழுக்கெடுத்த அன்றைக்கே சொன்னவர். பங்காளி வம்சம் பி.சி. ஆகிப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருந்தார். அம்மா மறுக்கவில்லை. எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க விடவில்லை. சபைப் பதிவில் மட்டும் ஒரு பேர். வெளியே பழைய பேர். இருபத்து நாலு வருஷம் அவள் இப்படியே ரெண்டாக இருந்தாள், எங்களுக்காக. ஒன்றே ஒன்று கேட்டாள். "செத்தா மட்டும் என் பேரப் போட்டுப் பொதைங்க."

சர்க்கரை முற்றி, சிறுநீரகம் கெட்டு, 2022 ஆகஸ்டில் போனாள். தம்பி அந்த ஜூலை 24-ஆம் தேதிதான் குரூப் 4 எழுதியிருந்தான். நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னான். அப்பா மேளம் சொல்லிவிட்டார், ஜெபவீட்டுப் பெண்கள் பாட்டோடு வந்துவிட்டார்கள். பறை கொஞ்ச நேரம், பாட்டு கொஞ்ச நேரம் என்று முறை வைத்துக்கொண்டு பிணத்தைச் சுற்றி நின்றோம். கண்ணீர் அஞ்சலி பேனரில் ரேஷன் கார்டுப் பேர்தான் அச்சாகி வந்தது. தம்பி கொடுத்துவிட்டிருந்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சேரிச் சுடுகாட்டில்தான் குழி. பாஸ்டர் வெள்ளைப் பெயின்ட் அடித்த மரச்சிலுவை ஒன்றைச் செய்துகொண்டு வந்திருந்தார். கறுப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷை நனைத்து, என்னைப் பார்த்தார். நான்தானே மூத்தவள், மேடையில் பேசுகிறவள். "சொல்லுங்க சிஸ்டர், எழுதிடறேன்." தம்பி என் கையைப் பிடித்தான். அவன் கை சில்லென்று இருந்தது. "அக்கா, வி.ஏ.ஓ. ஆளு நிக்கிறான். போட்டோ எடுக்கிறாங்க. வேணாங்கா." சட்டப்படி அப்பா இந்து, அவனும் இந்து, யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில் அது எதுவும் வாயில் வரவில்லை. "ரேஷன் கார்டுப் பேரையே எழுதிடுங்க" என்றேன்.

பாஸ்டர் பிரஷ்ஷை டப்பாவிலேயே வைத்தார். "அப்ப சிலுவை எதுக்கு சிஸ்டர்?" கோபமாகச் சொல்லவில்லை. அந்தச் சிலுவையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். முதலாளிக்கு அடங்கச் சொன்ன அதே பாஸ்டர்தான். அன்றைக்கு அவருக்கு இருந்தது எனக்கு இல்லை.

குரூப் 4 முடிவு அடுத்த மார்ச்சில் வந்தது. கட்ஆஃப் போதவில்லை. தம்பி இப்போதும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறான்.

முதல் வருஷ நினைவுக்கு ஜெபவீட்டுப் பெண்கள் எங்க வீட்டிலேயே கூட்டம் வைத்தார்கள். பதினைந்து பேர், ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒரு மைக். ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொன்னார்கள். பி.எஃப். நம்பர் கிடைத்த அக்கா ஒருத்தி அந்தச் சம்பளச் சீட்டுக் கதையைச் சொன்னாள். படித்துறையைச் சொன்னாள் முழுக்கெடுத்த ஐந்து பேரில் ஒருத்தி, தான் மதகுக்கே திரும்பிப் போனதையும் சேர்த்து. எல்லோரும் அம்மாவைச் சபைப் பேரால்தான் சொன்னார்கள். அவர்களுக்கு வேறே பேர் தெரியாது. தம்பி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான்.

அப்பா வாசலில் பீடியோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்: "தொறடா. அவ பேருதான சொல்றாங்கோ. திருடியா பேரா?"

தம்பி ஒரு கதவை மட்டும் திறந்தான்.

மைக் என்னிடம் வந்தது. பதினைந்து வருஷமாக மைக் பிடித்த கைதான். அம்மாவின் பேரைச் சொன்னேன், சபைப் பேரை, முழுசாக. சுடுகாட்டில் நான் சொன்னதையும் சொன்னேன். பெண்கள் ஸ்தோத்திரம் சொல்லவில்லை, சும்மா கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் என் குரல் ரொம்பச் சின்னதாக வருகிற மாதிரி இருந்தது. எனக்குத்தான் குரல் எழும்பவில்லை என்று நினைத்தேன். கூட்டம் முடிந்து ஒயரைச் சுருட்டும்போதுதான் பார்த்தேன், தம்பி சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தான்.